அடையாற்றைக் கடந்த வழி

சிட்லபாக்கத்திலிருந்து சென்னை நகருக்குள் செல்பவர் அடையாற்றைக் கடந்தே ஆகவேண்டும். தொடர்வண்டியில் செல்வோர் கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையிலும், பெருஞ்சாலை வழியே செல்வோர் சைதைப் பாலத்தின் மீதும் அதனைக் கடக்கின்றனர். நொடிப்பொழுதில் நிகழும் இக்கடப்பிற்குப் பின்னே ஏறத்தாழ முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு.

பாலம் இல்லாத நாளில், கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குச் செல்வோர் ஆற்றில் இறங்கியே அக்கரை சேர வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் வழி அடைபட்டுவிடும். இவ்விடர் தீர்க்க 1726-இல் தம் சொந்தப் பொருளால் பாலம் அமைத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் அர்மேனிய வணிகர். பாரசீகத்து ஜுல்பாவில் பிறந்து, மணிலாவில் வாணிகம் செய்து, சென்னையில் நிலைத்தவர் அவர். பாலத்திற்கு அவர் செலவிட்டது 30,000 வராகன் என்பர். அதனினும் போற்றத்தக்கது, அதன் பராமரிப்புக்கென மேலும் 1,500 வராகனை அவர் ஒதுக்கியமை. கட்டுவது ஓர் அறம். கட்டியதைக் காப்பது அதனினும் பேரறம் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மாம்பலம் என்னும் ஊர்ப்பெயர் ஆங்கிலேயர் நாவில் திரிந்து, அப்பாலம் ‘மார்மலாங்’ பாலம் எனப்பட்டது. பழைய பாலம் நீங்கி, 1966-இல் அவ்விடத்தே எழுந்த புதுப்பாலத்திற்கு மறைமலையடிகள் பெயர் சூட்டப்பெற்றது. வேதாசலம் என்ற தம் பெயரையே தனித்தமிழாக்கிக்கொண்டு, நம் அண்டையூராகிய பல்லாவரத்தில் வாழ்ந்து 1950-இல் மறைந்த அப்பெரியாரின் பெயர், திரிந்த பெயரொன்றின் இடத்தில் அமைந்தது எத்துணைப் பொருத்தம்!

1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. நம் புறநகர்ச் சிற்றூர்கள் நகரோடு நெருங்கின. ஏரியையும் வயலையும் சார்ந்திருந்த வாழ்வு, வண்டி நேரத்தைச் சாரலாயிற்று.

ஆயினும் ஆறு தன்னை மறக்கவிடவில்லை. 2015 திசம்பர்த் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோது முடிச்சூர் நீரில் மூழ்கியது, சைதைப் பாலத்தில் போக்குவரத்து நின்றது, தொடர்வண்டிகளும் நின்றன. நகரும் நாமும் இருகரைகளாயினோம். நீர் செல்லும் வழியைச் சுருக்கிவிட்டு, நாம் செல்லும் வழியை மட்டும் பெருக்கினால் விளைவது யாது என்பதை அந்நாள்கள் காட்டின.

பத்தாண்டு நிறைவுறும் நம் இலக்கிய வட்டமும் ஒருவகைப் பாலமே. உஸ்கான் ஒதுக்கிய அந்த 1,500 வராகனை நாம் நினைவிற்கொள்வோமாக.