பனிக்காலத்தில் ஒரு குழந்தைத் தோட்டம்

ஆண்டுகள் பலவற்றுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில், ஆலயத்தை ஒட்டி ஒரு மழலையர் பள்ளி இருந்தது. அதன் முற்றம் வெறும் மணல். நடுவில் ஒரு வேம்பு. மழை பெய்தால் சேறு, சேற்றில் பிள்ளைகள், மாலையில் பெற்றோரின் முறையீடு. ஓர் ஆண்டு கார்த்திகையில் அடைமழை. முறையீடு பொறுக்கமாட்டாமல் நாமே முன்னின்று முற்றம் முழுவதற்கும் சிமெண்டுத் தளம் போடுவித்தோம். வேர் தளத்தைப் பிளந்துவிடும் என்று கொத்தனார் சொன்னதால் வேம்பும் போயிற்று. பெற்றோர் மகிழ்ந்தனர், நாமும் மகிழ்ந்தோம். அடுத்த மழையின்போது பிள்ளைகள் சன்னல் கம்பிகளைப் பற்றிக்கொண்டு, வெளியே கொட்டும் மழையைப் பார்த்தபடி நின்றார்கள். அந்தக் காட்சி இன்றளவும் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று நாம் அன்றாடம் சொல்லும் எழுத்துகளுக்குள் ஒரு தோட்டம் ஒளிந்திருக்கிறது. ‘கிண்டர்கார்டன்’ என்னும் ஜெர்மன் சொல்லுக்குக் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்பதே பொருள். அச்சொல் பிறந்த நாட்டிலோ குளிர்காலத்தில் மண் கல்லாய் உறைந்துவிடும்; பிற்பகல் நான்கு மணிக்கே இருள் கவியத் தொடங்கும். அப்பருவத்தில் அந்தத் தோட்டம் என்ன ஆயிற்று? குழந்தைகளை உள்ளே வைத்துக் கதவடைத்தார்களா, வெளியே அழைத்துச் சென்றார்களா? இந்த வினாவின் பின்னே நடந்துபோனால் ஒரு நெடிய வரலாறு விரிகிறது.

தாயற்ற பிள்ளை தந்த பெயர்

ஜெர்மனியின் நடுவே துரிங்கியா என்னும் காட்டு நாடு. அங்கே ஓபர்வைஸ்பாக் என்ற மலையூரில், லூத்தரன் சபைப் போதகர் ஒருவரின் மகனாக 1782இல் பிறந்தவர் பிரீட்ரிக் புரோபல். பிறந்து ஒன்பது மாதங்களில் தாயை இழந்தார். பதினைந்து வயதில் வனக் காவலர் ஒருவரிடம் தொழில் பழகச் சென்றார். தாயின் மடி கிட்டாத அவருக்குக் காடே மடியாயிற்று.

அவர் 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறுவர் விளையாட்டு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1840இல் அதற்குக் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பெயரிட்டார். அது வெறும் உவமை என்று எண்ண வேண்டா. உண்மையாகவே அங்கே தோட்டம் இருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிறு பாத்தி. அப்பாத்திகளைச் சூழ்ந்து எல்லாருக்கும் பொதுவான பாத்திகள். தன் செடிக்கு நீரூற்றும் பிள்ளை பொதுச் செடிக்கும் நீரூற்ற வேண்டும். தனி மனிதன் சமூகத்தின் அணைப்பில் வளர்கிறான் என்னும் பெரிய உண்மையை அவர் மண்ணிலேயே எழுதிக் காட்டினார்.

நல்லது தொடங்கினால் இன்னல் வராமலிருக்குமா? 1851 ஆகஸ்டு 7ஆம் நாள் பிரஷ்ய அரசு குழந்தைத் தோட்டங்களைத் தடைசெய்தது. அவை நாத்திகத்தையும் பொதுவுடைமையையும் பரப்புகின்றனவாம்! கார்ல் என்ற புரோபலின் உடன்பிறந்தார் மகன் எழுதிய நூலைப் புரோபல் எழுதியதாக எண்ணிக் குழம்பியதே அதற்குக் காரணம். பிழையைச் சுட்டிக் காட்டியும் அமைச்சர் தடையை நீக்கவில்லை. மறு ஆண்டு ஜூன் 21ஆம் நாள் புரோபல் கண்மூடினார். 1860இல் தடை விலகியதைக் காண அவர் இல்லை. அவருடைய பணியை ஏந்தி நாடு நாடாய் எடுத்துச் சென்றவர்களுள் பெர்த்தா என்னும் உயர்குடிப் பெருமாட்டி முதன்மையானவர்.

குளிரை எதிர்கொண்ட சகோதரியர்

அக்காலத்து ஐரோப்பிய நகர்களில் ஏழைகளின் வீடு என்பது ஒற்றை அறை. குளிர் புகாதபடி சன்னல்களை அடைத்து, புகையும் அடுப்பைச் சுற்றிக் குடும்பம் முழுவதும் முடங்கிக் கிடக்கும். குளிரிலிருந்து பிள்ளையைக் காக்கச் செய்த அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இரண்டு பகைகள் ஒளிந்திருந்தன. ஒன்று, மூச்சோடு மூச்சாய்ப் பரவும் காசநோய். மற்றொன்று, வெயில் படாத எலும்புகளை வளைத்துவிடும் ரிக்கெட்ஸ் நோய்.

லண்டன் மாநகரின் டெட்போர்டு என்னும் ஏழைப் பகுதியில் ரேச்சல், மார்கரெட் மக்மில்லன் என்ற சகோதரியர் இருவர் 1910இல் சிறுவர் மருத்துவமனை ஒன்றைத் திறந்தனர். குணமாகி வீடு திரும்பிய பிள்ளைகள் சில வாரங்களில் அதே நோயோடு மீண்டும் வந்து நின்றார்கள். மருந்து மட்டும் போதாது, வாழும் இடமே மாற வேண்டும் என்று அவர்கள் தெளிந்தனர். 1914இல் திறந்தவெளி மழலையர் பள்ளியை நிறுவினர். ஒரு பக்கம் திறந்த கொட்டகைகள், நடுவில் தோட்டம், குளிப்பதற்கு வெந்நீர், குடிப்பதற்குப் பால், பகலில் திறந்த காற்றிலே உறக்கம். கோடையில் மட்டுமன்று, குளிரிலும் அப்படியே. 1917இல் ரேச்சல் இறந்தார். தமக்கையை இழந்த துயரத்தை நெஞ்சில் சுமந்துகொண்டே மார்கரெட் 1931இல் தாம் இறக்கும்வரை அப்பணியைத் தொடர்ந்தார்.

அவர்கள் பட்டறிவால் கண்டதை அறிவியலும் பின்னர் உறுதிசெய்தது. 1919இல் பெர்லின் மருத்துவர் ஹுல்ட்சின்ஸ்கி, புறஊதாக் கதிர் விளக்கின் ஒளியைப் பாய்ச்சி ரிக்கெட்ஸ் நோய் குணமாவதை மெய்ப்பித்துக் காட்டினார். வீட்டுக்குள் பொத்திப் பொத்தி வளர்த்த அன்பு பிள்ளையின் எலும்பை வளைக்க, வெளியே அனுப்பிய துணிவு அதை நிமிர்த்தியது. அன்பு சில வேளைகளில் அச்சத்தின் ஆடையை அணிந்துகொண்டு வருகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

பனியே மணலாய், பனியே களிமண்ணாய்

வட ஐரோப்பாவில் இந்தத் துணிவு இன்று வழக்கமாகவே நிலைத்துவிட்டது. டென்மார்க், நார்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளில் கைக்குழந்தைகளைக் கம்பளியில் சுற்றித் தள்ளுவண்டியில் கிடத்தி, குளிர்காலத்திலும் திறந்தவெளியில் உறங்கவைக்கிறார்கள். கெட்ட வானிலை என்று ஒன்றில்லை, பொருந்தாத உடைதான் உண்டு என்பது அங்கே பழமொழி. 1950களில் டென்மார்க்கில் எல்லா பிளாட்டோ என்னும் தாய், தம் பிள்ளைகளோடு அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் நாள்தோறும் காட்டுக்கு அழைத்துச் சென்றார். அதிலிருந்து காட்டு மழலையர் பள்ளி என்னும் முறை வளர்ந்தது. 1993இல் ஜெர்மனியின் பிளென்ஸ்பர்க் நகரில் அத்தகைய பள்ளி ஒன்று அரசின் ஒப்புதல் பெற்றது. இன்று அந்நாட்டில் அவை ஆயிரத்துக்கும் மேல். கட்டடம் இல்லை; கடுங்குளிருக்கு ஒதுங்க ஒரு சிறு குடிலோ சக்கரம் பூட்டிய கூண்டோ மட்டும் உண்டு. புயற்காற்று வீசும் நாளில் மரக்கிளைகளுக்கு அஞ்சிக் காட்டுக்குள் போகமாட்டார்கள், பனிக்கு அஞ்சுவதில்லை.

சாதாரண மழலையர் பள்ளிகளிலும் குளிர்கால வெளி விளையாட்டு அன்றாட அலுவலே. அதன் முதற்பாடம் வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயரிட்ட ஒரு கொக்கி. அதில் கம்பளிச் சட்டை, நீர் புகாத மேலாடை, தொப்பி, கையுறை. இத்தனையையும் மூன்று வயதுப் பிள்ளை அணிந்து முடிக்க வெகுநேரம் ஆகும். ஆசிரியை அவசரப்படுத்துவதில்லை. ஐந்து வயது அண்ணன் மூன்று வயதுத் தம்பியின் காலணியைப் பூட்டிவிடுகிறான். பிறருக்கு உடுத்துவிடும் அறச்செயல், அறம் என்ற பெயர் தெரியாமலே பழக்கமாகிறது.

வெளியே போனால் பனியே மணல்; பனியே களிமண். உருட்டினால் உருண்டை, அடுக்கினால் சுவர், குடைந்தால் குகை. மேட்டிலிருந்து சறுக்குப் பலகையில் இறங்கும் பிள்ளை, மீண்டும் இறங்க வேண்டுமானால் பலகையை இழுத்துக்கொண்டு தானே ஏற வேண்டும். கையில் எடுத்த பனி நீராய் ஒழுகுகிறது. வாளியில் விட்ட நீர் மறுநாள் கண்ணாடியாய் நிற்கிறது. முயலின் அடிச்சுவடு வெண்மையில் எழுத்தாய்ப் பதிந்திருக்கிறது. எழுத்தறியாப் பிள்ளை முதன்முதல் வாசிக்கும் ஏடு அதுவே.

விளக்கேந்தி வந்த வீதி

குழந்தைகள் பகலில் விளையாட மட்டும் வெளியே வருவதில்லை. குளிர்காலத்தின் தொடக்கத்தில் ஓர் இரவில் ஊரையே வெளியே அழைத்து வருகிறார்கள். அது நவம்பர் 11, தூர் நகர்ப் புனித மார்ட்டின் திருநாள்.

மார்ட்டின் நான்காம் நூற்றாண்டின் உரோமைப் படைவீரர். இன்றைய ஹங்கேரி நாட்டில் பிறந்தவர். கடுங்குளிர்க்காலத்தில் ஒருநாள் ஆமியான் நகர வாயிலில் ஆடையின்றி நடுங்கிய ஏழை ஒருவனைக் கண்டார். தம் மேற்போர்வையை வாளால் இரண்டாய் அறுத்து ஒரு பாதியை அவனுக்குப் போர்த்தினார். அன்றிரவு கனவில், அந்தப் பாதிப் போர்வையை அணிந்தவராய்க் கிறிஸ்து தோன்றினார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய சுல்பீசியு கூறுகிறார். மார்ட்டின் அப்போது திருமுழுக்குக்கூடப் பெற்றிருக்கவில்லை என்பது நம் சிந்தனைக்குரியது. சிற்றாலயத்தைக் குறிக்கும் ‘சாப்பல்’ என்னும் சொல்லே அவருடைய போர்வையைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. போர்வை வைக்கப்பட்ட இடமே வழிபாட்டிடம் ஆயிற்று!

குழந்தைகளின் விளக்குப் பவனி இன்றுள்ள வடிவத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ரைன் ஆற்றங்கரை நகர்களில் உருப்பெற்றுப் பரவியது. அக்டோபரிலேயே மழலையர் பள்ளிகளில் வேலை தொடங்கிவிடும். வண்ணக் காகிதத்தை வெட்டி ஒட்டி ஒவ்வொரு பிள்ளையும் தன் விளக்கைத் தானே செய்கிறது. முற்காலத்தில் கிழங்கைக் குடைந்தும் விளக்குச் செய்தார்கள். திருநாள் மாலை, இருள் சூழ்ந்ததும் செம்போர்வை அணிந்த வீரர் ஒருவர் குதிரைமேல் முன்செல்ல, விளக்கேந்திய பிள்ளைகள் பாடிக்கொண்டு பின்தொடர்வர். பெற்றோர், தாத்தா பாட்டியர், அயலார் எல்லாரும் உடன் நடப்பர். முடிவில் பெருநெருப்பு மூட்டி, போர்வை பகிர்ந்த காட்சியை நடித்துக் காட்டுவார்கள். பின்னர் இனிப்பு ரொட்டியைப் பிட்டுப் பக்கத்தில் நிற்பவரோடு பகிர்ந்து உண்பார்கள். நாள்தோறும் பள்ளி வாசலில் பிள்ளையை விட்டுவிட்டு முகம் பாராமல் விரையும் பெற்றோர், அன்று ஒருவர் கையிலிருந்து மற்றவர் ரொட்டி வாங்குகிறார்கள்.

1483 நவம்பர் 11ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றதால்தான் மார்ட்டின் லூத்தருக்கு அந்தப் பெயர் அமைந்தது. எனவே, துரிங்கியாவின் எர்பர்ட் நகரில் ஆண்டுதோறும் நவம்பர் 10 மாலை, கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் பேராலயத்துச் சதுக்கத்தில் ஒன்றுகூடி விழா எடுக்கிறார்கள். பெரியவர்களின் வாதங்கள் பிரித்த சபைகளைக் குழந்தைகளின் காகித விளக்குகள் ஒரே சதுக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுகின்றன. சுவீடனிலும் இதே அருமையைக் காணலாம். லூத்தரன் மரபு வேரூன்றிய அந்நாட்டில் டிசம்பர் 13 விடியலில் மழலையர் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளாடை உடுத்தி, சிசிலியின் மறைச்சாட்சியான புனித லூசியாவின் பெயரால் ஒளிப் பவனி வருகிறார்கள்.

இந்த ஒளிக்கும் சோதனை வந்தது. ஹிட்லரின் ஆட்சியில், குறிப்பாக 1941இல், திருச்சபைகள் நடத்திய மழலையர் பள்ளிகள் பலவற்றைக் கட்சியின் நல அமைப்பு பறித்துக்கொண்டது. அருட்சகோதரியர் பலர் வெளியேற்றப்பட்டனர். சிறு பிள்ளைகள் எந்தப் பாட்டைப் பாடுகிறார்கள் என்பது கொடுங்கோலர்களுக்கு அற்பக் காரியம் அன்று. அதை அற்பமென எண்ணுகிறவர்கள் நாம்தாம். இக்காலத்தில் சில பள்ளிகள் புனிதரின் பெயரை விடுத்து ‘விளக்குத் திருவிழா’ என்றே இதை அழைக்கின்றன. அதுபற்றி அங்கே விவாதம் நடக்கிறது. நம்மைக் கேட்டால், பெயர் வேண்டும் என்போம். பாதிப் போர்வை அதைவிட முதலில் வேண்டும் என்போம்.

நம் முற்றத்துக்குத் திரும்பி

இவ்வரலாற்றின் ஓர் இழை நம் நாட்டையும் தொட்டுச் செல்கிறது. 1907 ஜனவரி 6, திருக்காட்சிப் பெருவிழாவன்று, உரோமையின் ஏழைப் பகுதியான சான் லொரன்சோவில் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் திறந்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். இத்தாலியர் என்பதால் போர்க்காலத்தில் நாடு திரும்ப இயலவில்லை. 1942 முதல் ஏறத்தாழ ஈராண்டுகள் கொடைக்கானலில் தங்கினார். அந்தக் குளிர்மலையில் செடியும் பூச்சியும் ஓடைநீருமே பிள்ளைகளுக்குப் பாடமாயின. ஆகவே இது நமக்குப் புறம்பான வரலாறு அன்று.

நமக்குப் பனி இல்லை. ஐப்பசி மழையும் மார்கழிக் குளிரும் உண்டு. சறுக்குப் பலகை இல்லை. மணலும் மரநிழலும் இருந்தன. திருவருகைக் காலத்தில் வீடுதோறும் விண்மீன் விளக்கு ஏற்றுகிறோம். அதைப் பிள்ளைகள் தம் கையால் செய்ய விடுகிறோமா, கடையில் வாங்கிக் கட்டிவிடுகிறோமா? நம் மழலையர் பள்ளி விழாவில் அடுத்த தெருப் பிற சமயப் பெற்றோரும் சேர்ந்து நடக்கும் வீதி ஒன்று உண்டா, நாற்காலி போட்ட மேடை மட்டுமா?

இறைவாக்கினர் செக்கரியா, மீட்படைந்த எருசலேமின் அடையாளமாக மதிலையோ கோபுரத்தையோ முதலில் காட்டவில்லை. முதியோர் கைக்கோலூன்றி வீதியில் அமர்ந்திருக்க, சிறுவரும் சிறுமியரும் அவ்வீதியில் நிறைந்து விளையாடுவதையே காட்டினார். ஒரு நகரில் கடவுள் குடியிருக்கிறார் என்பதற்கு வீதியில் விளையாடும் குழந்தையே சாட்சி.

அந்தப் பங்கைவிட்டு நாம் மாறி வந்து நாளாயிற்று. அண்மையில் அவ்வழியே போக நேர்ந்தபோது உள்ளே சென்று பார்த்தோம். தளத்தின் ஒரு மூலையை உடைத்து மணல் கொட்டியிருந்தார்கள். ஆசிரியை ஒருவர் வேப்பங்கன்று ஒன்றை நட்டு முள்வேலி கட்டியிருந்தார். நாம் ஒன்றும் பேசவில்லை. அருகிலிருந்த வாளியை எடுத்து அதற்கு நீர் ஊற்றிவிட்டு வந்தோம்.