கன்டெய்னர்: கப்பலில் இருந்து லேப்டாப்புக்கு

குன்றத்தூர் பக்கம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. 1956-ல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளை 'ஐடியல் எக்ஸ்' கப்பலில் ஏற்றி அனுப்பினார். சரக்கு எதுவானாலும் பெட்டி ஒரே மாதிரி. ஏற்றி இறக்கும் செலவு வெகுவாகக் குறைந்தது.

இதே யோசனையை மென்பொருளில் பரவலாக்கியது 2013-ல் வந்த டாக்கர். பெட்டிகள் பெருகியதும் அவற்றை நிர்வகிக்க கூகுள் 2014-ல் குபர்னெட்டிஸை வெளியிட்டது. ஆனால் அதைப் பழக பல சர்வர்கள் வேண்டுமே? மாணவர் எங்கே போவார்? 2016-ல் வந்த மினிகியூப் அதை ஒரே லேப்டாப்பில் ஓட வைத்தது. 2018-ல் தொடங்கிய கைண்ட், ஒவ்வொரு சர்வரையும் ஒரு டாக்கர் பெட்டியாகவே மாற்றியது.

இரண்டுமே திறந்த மூல மென்பொருட்கள். பயன்படுத்துபவரே பிழையைச் சொல்லலாம், திருத்தியும் அனுப்பலாம். கையேட்டில் ஒரு வரியைச் சரிசெய்தாலும் அது பங்களிப்புதான்!