தொந்தியும் அளவுகோலும்

தொந்தி செல்வத்தின் அறிகுறி என்று நம்மவர் நெடுங்காலமாக நம்பி வந்திருக்கின்றனர். கலியாணப் பந்தலில் முன்வரிசை நாற்காலி வயிறு பெருத்தவருக்கே போடப்படுகின்றது. ஒட்டிய வயிற்றோடு பால்மரம் வெட்டியவரின் பேரன் பட்டணத்தில் உத்தியோகம் பெற்று, இடுப்பு நாலங்குலம் பெருத்துவிட்டால், குடும்பம் முன்னுக்கு வந்துவிட்டதென்று வீட்டார் பூரிக்கின்றனர். இம்மூட எண்ணத்திற்கு நாம் கொடுத்துவரும் விலை யாது என்பதை அறிய, மனிதன் தன் உடலை அளக்கக் கற்ற வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

இன்று வைத்தியசாலைகளில் வழங்கும் எடைக் கணக்கைக் கண்டவர் வைத்தியர் அல்லர். பெல்ஜியம் தேசத்து வானநூல் அறிஞரான கெத்தலே என்பவர். விண்மீன்களைக் கணித்த முறையிலேயே மனிதரையும் கணிக்கலாமென்று கருதிய அவர், 1835-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ‘சராசரி மனிதன்’ யாரென்று ஆராய்ந்தார். வளர்ந்தவரின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிச் செல்லுகிறது என்பது அவர் கண்ட உண்மை. அக்கணக்கில் வியாதியைப் பற்றிய பேச்சே இல்லை.

எடையை மரணத்தோடு பிணைத்துக் கணக்கெழுதியவர்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியார். பருத்தவர் விரைவில் மாண்டால் நஷ்டம் அவர்களுக்கல்லவா! அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் கம்பெனி 1942, 1943-ஆம் ஆண்டுகளில் பெண்டிர்க்கும் ஆடவர்க்கும் உரிய எடை இன்னதென்று அட்டவணைகள் வெளியிட்டது. பின்னர் 1972-இல் அன்சல் கீஸ் என்னும் அமெரிக்க அறிஞர் கெத்தலேயின் பழங்கணக்கைத் தூசு தட்டியெடுத்து, அதற்கு இன்று வழங்கும் ‘உடல் நிறைக் குறியெண்’ என்னும் பெயரைச் சூட்டினார். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது அது. 25-க்கு மேற்பட்டால் மிகையெடை, 30-ஐ எட்டினால் பருமன் என்பது உலக விதியாயிற்று.

ஆனால் கொழுப்பு எவ்வளவு என்பதைவிட, எங்கே தங்கியுள்ளது என்பதன்றோ கேள்வி? பிரான்ஸ் தேசத்து மார்சேய் நகர வைத்தியர் ழான் வாக் 1947-இலேயே இதை எழுப்பினார். தொடையில் சேரும் கொழுப்பினும் வயிற்றில் சேருவதே நீரிழிவுக்கு நெருங்கிய உறவு என்றார். குடலைச் சூழ்ந்த கொழுப்பு ஈரலைத் தாக்கி, இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது என்பதை இன்று அறிவோம். ஆயினும் வாக்கின் சொல் நெடுநாள் கேட்பாரற்றுக் கிடந்தது.

இனி நம் கதைக்கு வருவோம். சிங்கப்பூரில் பிணப்பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்த டாக்டர் தனராஜும் அவர் குழுவினரும், இருதய இரத்தக்குழாய் நோய் சீனரைவிட இந்தியரிடம் பன்மடங்கு மிகுதி என்று 1959-இல் வெளியிட்டனர். பின்னாளில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவின் முதல் தலைவராக விளங்கியவர் இந்த டாக்டர் தனராஜே. 1991-இல் லண்டனில் நடந்த ஆராய்ச்சியொன்று, அங்கு குடியேறிய தெற்காசியரில் நூற்றுக்கு 19 பேருக்கும் ஐரோப்பியரில் 4 பேருக்கும் நீரிழிவு என்று காட்டியது. தெற்காசியரின் இடுப்புச் சுற்றளவு பிட்டத்தின் சுற்றளவோடு ஒப்பிட ஐரோப்பியருடையதினும் மிகுந்திருந்தது.

2004-இல் புனே நகரத்து டாக்டர் யாக்னிக், லண்டன் நண்பர் டாக்டர் யூட்கினுடன் சேர்ந்து தம்மிருவர் படத்தையே வைத்திய ஏடொன்றில் வெளியிட்டார். இருவர் குறியெண்ணும் 22.3, அட்டவணைப்படி இருவரும் ஒல்லியரே. கொழுப்போ, ஆங்கிலேயருக்கு நூற்றுக்கு 9.1, நம் நாட்டவருக்கு 21.2! மெலிந்த கைகால்களும் முன்தள்ளிய வயிறும் கொண்ட நம் சகோதரர், பிறர் உடலுக்கு வெட்டிய அளவுகோலை நம்பி ‘எனக்கொன்றுமில்லை’ என்றிருந்துவிடுகிறார்.

2002-இல் சிங்கப்பூரில் கூடிய உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு, ஆசியரைப் பொறுத்தவரை 23, 27.5 என்னும் எண்களிலேயே எச்சரிக்கை தொடங்கவேண்டுமென்று கருதியது. 2005-இல் சிங்கப்பூர் அவ்வெண்களை ஏற்றது. இடுப்புக்கோ தெற்காசிய ஆடவர்க்கு 90 சென்டிமீட்டர், பெண்டிர்க்கு 80 என்பது எல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் நாடாவைச் சுற்றவேண்டும். கால்சட்டையின் அளவு இதற்கு உதவாது. தொந்தி உள்ளவர் அதைத் தொந்திக்குக் கீழேதானே கட்டுகிறார்!