தானியங்கு மென்பொருள் இற்றைப்படுத்தல்

தானியங்கு மென்பொருள் இற்றைப்படுத்தல் என்பது ஒரு கணினி வலையமைப்பில் உள்ள கணினிகளின் இயங்குதளத்தையும் பிற மென்பொருட்களையும், முன்னரே வகுத்த விதிகளின்படி, ஒவ்வொரு கணினியின் முன்பும் ஒருவர் அமர்ந்து செய்யாமலே புதிய பதிப்புகளுக்கு மாற்றுவதும், தேவைப்படின் அக்கணினிகளை மீள்துவக்குவதும் ஆகும். பெரிய நிறுவனங்கள் இதற்கெனக் கட்டண மென்பொருட்களை வாங்குகின்றன. சில பத்துக் கணினிகள் மட்டுமே உள்ள அலுவலகங்கள், பள்ளிகள் ஆகியவை இயங்குதளத்துடன் வரும் வசதிகளையும் கட்டற்ற மென்பொருட்களையும் கொண்டே இதனைச் செய்துகொள்ள முடியும்.

தேவை

மென்பொருளில் உள்ள பாதுகாப்பு ஓட்டை ஒன்றுக்குத் திருத்தம் வெளியானதும், அத்திருத்தத்தை ஆராய்ந்தே ஓட்டை எங்குள்ளது என்பதைத் தாக்குபவர்களும் அறிந்துகொள்ள முடியும். எனவே திருத்தம் வெளியான நாளுக்கும் அது கணினியில் நிறுவப்படும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே மிகவும் ஆபத்தானது.

2003 சூலை 16 அன்று மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்ட ஓட்டையைப் பயன்படுத்தி, ஒரு மாதத்திற்குள், ஆகத்து 11 அன்று பிளாஸ்டர் என்னும் கணினிப்புழு பரவியது. 2017 மே 12 அன்று பரவிய வன்னாகிரை என்னும் பணயத் தீநிரல் பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தம், அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தது. இத்தீநிரலால் இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுச் சேவையின் மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளின் சந்திப்புகளும் அறுவை சிகிச்சைகளும் கைவிடப்பட்டன. நோயுற்றோர் ஊர்திகள் சில இடங்களில் வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பி விடப்பட்டன. பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை அப்போது ஆதரவில் இருந்த, ஆனால் திருத்தம் நிறுவப்படாத விண்டோஸ் 7 கணினிகள் ஆகும். திருத்தம் கிடைத்திருந்தும் அது உரிய கணினியைச் சென்றடையாமையே இங்கு இழப்புக்குக் காரணமாயிற்று.

மீள்துவக்கம் ஏன் தேவைப்படுகிறது

விண்டோஸ் இயங்குதளத்தில், ஒரு நிரல் பயன்படுத்திக்கொண்டிருக்கும் கோப்பைப் பொதுவாக மாற்றி எழுத முடியாது. ஆகவே நிறுவி, புதிய கோப்பை வேறொரு பெயரில் வைத்துவிட்டு, பெயர்மாற்றம் செய்ய வேண்டியவற்றின் பட்டியலைப் பதிவகத்தில் எழுதிவைக்கிறது. அடுத்த முறை கணினி துவங்கும்போது, பிற நிரல்கள் இயங்குமுன்னரே இம்மாற்றம் செய்யப்படுகிறது.

லினக்ஸில், பயன்பாட்டில் உள்ள கோப்பையும் நீக்கிப் புதியதை அதே பெயரில் வைக்கலாம். ஆயினும் ஏற்கனவே இயங்கும் நிரல்கள் நினைவகத்தில் உள்ள பழைய பதிப்பையே தொடர்ந்து பயன்படுத்தும். அவற்றை நிறுத்தித் துவக்கினால்தான் திருத்தம் பயன் தரும். கருவகம் மாறும்போது கணினியையே மீள்துவக்க வேண்டும். இயங்கும் கருவகத்திலேயே திருத்தம் செய்யும் வசதி 2015 இல் வெளியான லினக்ஸ் 4.0 இல் சேர்க்கப்பட்டது. எனினும் எல்லா வகைத் திருத்தங்களுக்கும் அது பொருந்தாது.

நிறுவப்பட்டும் மீள்துவக்கப்படாத கணினி, பட்டியலில் இற்றைப்படுத்தப்பட்டது போலத் தோன்றினும், பெரும்பாலும் பாதுகாப்பற்ற நிலையிலேயே இருக்கும்.

விண்டோஸ் வலையமைப்புகளில்

2003 அக்டோபர் முதல் மைக்ரோசாப்ட் தனது பாதுகாப்புத் திருத்தங்களை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று வெளியிடுகிறது. இதனால் நிருவாகிகள் தம் பணியை முன்கூட்டியே திட்டமிட முடிகிறது.

2005 இல் வெளியான விண்டோஸ் சர்வர் அப்டேட் சர்வீசஸ், விண்டோஸ் வழங்கியின் உரிமம் உள்ளவர்களுக்குத் தனிக்கட்டணமின்றிக் கிடைக்கிறது. இது திருத்தங்களை ஒரு முறை மட்டும் தரவிறக்கி உள்ளகத்தில் வைத்துக்கொண்டு, நிருவாகி ஒப்புதல் அளித்தவற்றை மட்டும் பிற கணினிகளுக்கு வழங்குகிறது. எந்த வழங்கியை நாட வேண்டும், எந்த நேரத்தில் நிறுவ வேண்டும், பயனர் உள்நுழைந்திருக்கையில் மீள்துவக்கலாமா என்பன குழுக் கொள்கை மூலம் வரையறுக்கப்படுகின்றன. நிறுவலுக்கான இயல்பிருப்பு நேரம் அதிகாலை 3 மணி ஆகும்.

2024 செப்டம்பரில் இதற்கு இனிப் புதிய வசதிகள் சேர்க்கப்படமாட்டா என மைக்ரோசாப்ட் அறிவித்தது. 2025 அக்டோபரில் இம்மென்பொருளிலேயே கடுமையான ஓட்டை ஒன்று கண்டறியப்பட்டு அவசரத் திருத்தம் வெளியிடப்பட்டது. எல்லாக் கணினிகளுக்கும் மென்பொருள் வழங்கும் கணினி தாக்குபவர் வசமானால் முழு வலையமைப்பும் வசமாகும். எனவே இவ்வழங்கியை இணையத்திலிருந்து நேரடியாக அணுக முடியாதவாறு வைத்தல் இன்றியமையாதது.

லினக்ஸ் வலையமைப்புகளில்

டெபியன், உபுண்டு ஆகியவற்றில் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் என்னும் பொதி இப்பணியைச் செய்கிறது. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் நிறுவுமாறு இதனை அமைக்கலாம். தானே மீள்துவக்கும் வசதி இயல்பாக முடக்கப்பட்டிருக்கும். அதனை இயக்கினால் மீள்துவக்க நேரத்தையும், பயனர் உள்நுழைந்திருந்தால் என்ன செய்வது என்பதையும் குறிப்பிடலாம். ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்னும் பதிலி வழங்கியைப் பழைய கணினி ஒன்றில் நிறுவினால், ஒரு முறை தரவிறக்கிய பொதியைப் பிற கணினிகள் அதனிடமிருந்தே பெற்றுக்கொள்ளும். ஒரே கட்டளையைப் பல கணினிகளில் நிறைவேற்ற 2012 இல் வெளியான ஆன்சிபில் பயன்படுகிறது.

இணைய இணைப்பின் சுமை

எடுத்துக்காட்டாக, 40 கணினிகள் கொண்ட அலுவலகத்தில் 600 மெகாபைட்டு அளவுள்ள திருத்தத்தை ஒவ்வொரு கணினியும் தனித்தனியே தரவிறக்கினால் மொத்தம் 24 கிகாபைட்டு ஆகும். நொடிக்கு 10 மெகாபிட்டு வேகமுள்ள இணைப்பு, வேறெதற்கும் பயன்படாமல், இதற்கே 5 மணி 20 நிமிடம் செலவிட வேண்டும். ஒரு படியை மட்டும் தரவிறக்க 8 நிமிடமே ஆகும். எஞ்சியது உள்ளக வலையமைப்பிலேயே நடைபெறும்.

வழங்கி வாங்க இயலாத இடங்களில், 2015 இல் வெளியான விண்டோஸ் 10 முதல் உள்ள டெலிவரி ஆப்டிமைசேசன் வசதி மூலம் கணினிகள் தமக்குள்ளேயே திருத்தங்களைப் பகிர்ந்துகொள்ளலாம்.

அணைக்கப்பட்ட கணினிகளை எழுப்புதல்

இரவில் கணினிகளை அணைத்துவிட்டுச் செல்லும் வழக்கம் மின்சாரத்தைச் சேமித்தாலும், இரவுநேர நிறுவலுக்குத் தடையாகும். வேக்-ஆன்-லேன் என்னும் முறை இதற்குத் தீர்வாகும். இதில் அனுப்பப்படும் பொட்டலத்தில், எல்லாப் பிட்டுகளும் 1 ஆக உள்ள 6 பைட்டுகளும், அவற்றைத் தொடர்ந்து எழுப்ப வேண்டிய கணினியின் 6 பைட்டு வன்பொருள் முகவரி 16 முறையும் இருக்கும். ஆக மொத்தம் 102 பைட்டுகள். இதனை அனுப்ப எளிய நிரல் ஒன்றே போதும். ஆனால் கணினியின் பயாஸில் இவ்வசதி இயக்கப்பட்டிருக்க வேண்டும். சுவரில் உள்ள மின்னிணைப்பு முழுதும் நிறுத்தப்பட்டிருந்தால் இம்முறை பயன்படாது.

படிப்படியாக நிறுவுதல்

எல்லாக் கணினிகளிலும் ஒரே நேரத்தில் நிறுவுவதும் ஆபத்தானதே. 2024 சூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட தவறான இற்றைப்படுத்தல், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளைச் செயலிழக்கச் செய்தது. பெரும்பாலானவற்றை ஆட்கள் நேரில் சென்று சரிசெய்ய வேண்டியதாயிற்று.

இதனால் கணினிகளைக் குழுக்களாகப் பிரிப்பது வழக்கம். முதலில் நிருவாகியின் கணினியும், ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஓரிரு கணினிகளும் இற்றைப்படுத்தப்படும். சில நாட்கள் சிக்கல் ஏதும் தோன்றாவிடில் பிற கணினிகளுக்கு ஒப்புதல் அளிக்கப்படும். ஒத்திப்போடுவதற்கு இறுதிநாள் ஒன்றும் இருத்தல் வேண்டும். இல்லையேல் முன்னர்க் கூறிய ஆபத்தான காலம் நீண்டுவிடும்.

பயனர் சேமிக்காத ஆவணங்கள் மீள்துவக்கத்தால் அழியக்கூடும். முன்னறிவிப்பின்றி ஒரு முறை ஆவணத்தை இழந்த பயனர், அடுத்த முறை இற்றைப்படுத்தலையே தடுக்க முயல்வார். எனவே நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே அறிவித்தலும், திரையில் எச்சரிக்கை காட்டிப் போதிய அவகாசம் அளித்தலும் இம்முறையின் பகுதிகளாகவே கருதப்படுகின்றன.

வரம்புகள்

* மேற்கண்ட மைக்ரோசாப்ட் வழங்கி இயல்பாக அந்நிறுவனத்தின் மென்பொருட்களையே கையாளும். பிறவற்றுக்குச் சாக்லேட்டி, விங்கெட் போன்ற பொதி மேலாளர்கள் தேவைப்படும்.
* ஆதரவுக்காலம் முடிந்த இயங்குதளங்களுக்குப் பொதுவாகத் திருத்தங்கள் வருவதில்லை. விண்டோஸ் 10 இன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது.
* தானியக்கம் கண்காணிப்புக்கு மாற்று அன்று. நிறுவத் தவறிய கணினிகளின் பட்டியலை ஒருவர் தவறாமல் பார்வையிட வேண்டும்.
* இற்றைப்படுத்தல், காப்புநகல் எடுப்பதற்கு ஈடாகாது.

இவற்றையும் பார்க்க

* இயங்குதளம்
* கணினிப்புழு
* கட்டற்ற மென்பொருள்
* காப்புநகல்