ஏலக்காயும் ஆலப்புழை விளக்கும்

இங்கே இந்தியக் கடையில் ஏலக்காய் வாங்கும்போது பாக்கெட்டில் 'ஏஜிஇபி' என்று போட்டிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு என்பதன் சுருக்கம். ஏற்றுமதி பில்களில் சரக்கின் கிரேடு பார்த்துப் பழகிய வங்கிக்காரன் நான். ஏலக்காய் விளைவது இடுக்கி மலையில். அப்புறம் ஆலப்புழை பெயர் எப்படி வந்தது?

19-ஆம் நூற்றாண்டில் ஏலக்காய் வியாபாரம் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகம். மலையில் பயிரிட்டவர்களில் பெரும்பாலோர் கம்பம் பள்ளத்தாக்குத் தமிழர்கள். விளைந்ததை அரசிடம்தான் கொடுக்க வேண்டும். அது ஆலப்புழைக்குப் போய் அங்கே ஏலம் போகும்.

ராஜா கேசவதாஸ் வளர்த்தெடுத்த ஊர் ஆலப்புழை. வேம்பநாட்டுக் காயலையும் துறைமுகத்தையும் இரண்டு கால்வாய்கள் இணைத்தன, சரக்கெல்லாம் படகில்தான். கடலில் உள்ள சேற்றுத் திட்டு அலையை அடக்குவதால் மழைக்காலத்திலும் கப்பல் நிற்கும். 1862-ல் கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியது. 1952 வரை அதற்குத் தேங்காய் எண்ணெய்தான்!

1930-களில் கொச்சி பெரிய துறைமுகமானதும் கப்பல்கள் அங்கே திரும்பின. ஆலப்புழை படிப்படியாக ஓய்ந்தது. இன்று ஏலக்காய் ஏலம் நடப்பது புற்றடியிலும் நம் போடிநாயக்கனூரிலும்.

துறைமுகம் போனபிறகும் அதன் பெயர் சரக்கில் நிற்கிறது. மலையேறி விளைவித்தவன் பெயர் எந்த பில்லிலும் ஏறவில்லை. பிழைக்க ஊர் விட்டு வந்த நமக்கு இது புரியாதா என்ன? பாயசத்துக்கு ஏலக்காய் தட்டும்போது பிள்ளைகளிடம் கம்பத்துக்காரர்களைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லி வையுங்கள்.