ஒலியற்ற ஏட்டில் உலோக இசை

பரிபாடலைப் பயில்வார்க்குப் பழகிய செய்தி ஒன்றுண்டு. அந்நூற் பாடல்கள் பலவற்றின் இறுதியில், பாடினார் பெயரை அடுத்து இசை வகுத்தார் பெயரும், பாலையாழ், நோதிறம், காந்தாரம் எனப் பண்ணின் பெயரும் குறிக்கப்பெற்றுள்ளன. பெட்டனாகனாரும் நல்லச்சுதனாரும் வகுத்த இசை இன்று நமக்கு இல்லை. பண்ணின் பெயர் மட்டும் ஏட்டில் எஞ்சியுள்ளது. ஒலியை ஏந்தவியலாத ஏடு இசையை எவ்வாறு ஏந்த முயல்கிறது என்னும் இவ்வினா தமிழாய்வார்க்குப் புதிதன்று. அவ்வினாவையே காலத்தாலும் இடத்தாலும் மிக விலகிய வேறொரு துறையில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. அத்துறையாவது, ‘ஹெவி மெட்டல்’ என வழங்கும் மேலையிசையினின்று தோன்றிய சித்திரக்கதை நூல்கள்.

இங்ஙனம் ஒரு பொருளை ஆய்விதழில் எடுத்துக்கொள்ளலாமோ என ஐயுறுவார் இருக்கக்கூடும். தெருக்கூத்தையும் அம்மானையையும் ஆராயத் தொடங்கிய நாளிலும் இவ்வையம் எழுந்ததே என்பதன்றி அவர்க்கு வேறு விடை கூறத் தேவையில்லை.

முதற்கண் இவ்விசையின் பிறப்பைச் சிறிது காண்போம். இங்கிலாந்தின் பர்மிங்காம் தொழில்நகரிற் கூடிய இளைஞர் நால்வரின் ‘பிளாக் சாபத்’ குழு தன் முதல் இசைத்தட்டை 1970 பிப்ரவரி 13ஆம் நாள் வெளியிட்டது. உலோக இசையின் தொடக்கமாகப் பெரும்பாலோர் கொள்வது இதனையே. அக்குழுவின் கிட்டார்க் கலைஞரான டோனி அயோமி, 1965இல், தம் பதினேழாம் அகவையில், தகட்டுத் தொழிற்சாலை எந்திரமொன்றில் வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இழந்தவர். இடக்கையால் மீட்டும் பழக்கமுடைய அவர்க்கு நரம்புகளை அழுத்த வேண்டிய கை அதுவே. விரல்நுனிக்கு உறை செய்து அணிந்தும், மெல்லிய நரம்புகளைப் பூட்டியும், பின்னர் அவற்றைத் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்தியும் அவர் வாசித்தார். உலோக இசையின் கனத்த ஒலிக்கு இவ்வூறு ஒன்றே காரணம் என்றல் மிகையாம். எனினும் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. அச்சம், போர், பித்து, சாக்காடு ஆகியன இவ்விசையின் பாடுபொருள்களாக அமைந்தன.

அப்பொருள்களைப் பதினாறு ஆண்டுகட்கு முன்னரே எடுத்தாண்டு அதன்பொருட்டுக் குற்றக்கூண்டில் நின்றது அமெரிக்கச் சித்திரக்கதை. 1954 ஏப்ரலில், இளையோர் குற்றங்களை ஆராய்ந்த செனட் உட்குழுவின்முன், சித்திரக்கதைகள் சிறாரைக் கெடுக்கின்றன என உளமருத்துவர் பிரெடெரிக் வெர்த்தம் சான்று கூறினார். திகிற்கதைகளை வெளியிட்டு வந்த இ.சி. பதிப்பகத்து வில்லியம் கெயின்ஸ் மறுத்துரைத்தார், பயனில்லை. அவ்வாண்டே பதிப்பகத்தார் தமக்குத் தாமே ஒரு விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டனர். இதழின் தலைப்பில் ‘திகில்’, ‘பயங்கரம்’ என்னும் பொருள்தரும் சொற்கள் வருதல் கூடாது; குருதியுண்ணும் பேயும், நடமாடும் பிணமும், ஓநாயாக மாறும் மனிதனும் கதையிற் புகுதல் கூடாது என்பன அவ்விதிகளுட் சில. அவற்றிற்கு உடன்பட்ட இதழ்களின் அட்டையில் ஒப்புதல் முத்திரை இடப்பெற்றது.

முப்பத்தோராண்டு கழித்து, 1985 செப்டம்பர் 19ஆம் நாள், அதே செனட் அவையின் வேறொரு குழுவின்முன் உலோக இசை நின்றது. பெற்றோர் சங்கமொன்று கண்டித்து வெளியிட்ட பதினைந்து பாடல்களுள் பாதிக்கு மேற்பட்டவை உலோக இசைக்குழுக்களுடையவை. ‘ட்விஸ்டட் சிஸ்டர்’ குழுவின் பாடகர் டீ ஸ்னைடர் நேரில் வந்து சான்றளித்தார். வன்முறை நிறைந்தது எனப் பழிக்கப்பட்ட தம் பாடற்படம், ஓடும் பறவையைக் கோநாய் துரத்தி ஒவ்வொரு முறையும் அடிபடும் கேலிச்சித்திரப் படங்களை ஒட்டி அமைந்ததே என அவர் விளக்கினார். இவ்விடம் ஊன்றி நோக்கற்பாலது. குற்றஞ்சாட்டப்பட்ட இசை, சான்று தேடிச் சென்ற இடம் சித்திரமே. இவ்வழக்கின் முடிவும் முன்னையதை ஒத்தது. இசைத்தட்டின் உறைமேல் பெற்றோர்க்கான எச்சரிக்கைச் சீட்டு ஏறியது. இவ்விரு கலைகளும் ஒன்றையொன்று நாடியமைக்கு வணிகம் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் ஒரே பழியைச் சுமந்த உறவும் அவற்றிடையே உண்டு என்பதை இவ்வரலாற்றை எழுதுவோர் பலர் போதிய அளவு கருதவில்லை.

இனி நூல்களுக்கு வருவோம். ஈண்டு முதலில் ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். 1977 ஏப்ரலில் அமெரிக்காவில் ‘ஹெவி மெட்டல்’ என்னும் பெயரிலேயே ஒரு சித்திரக்கதை இதழ் தோன்றியது. பெயரை நோக்கி, அஃது இசையினின்று பிறந்ததெனக் கருதுவோர் பலர். உண்மை அஃதன்று. 1974ஆம் ஆண்டின் இறுதியில் பாரிசில் மோபியஸ், துரூய்யே, தியோனே முதலியோர் தொடங்கிய ‘மெத்தால் உர்லான்’ என்னும் அறிவியற்புனைவு இதழின் அமெரிக்க வடிவமே அது. ‘ஊளையிடும் உலோகம்’ என்பது பிரெஞ்சுப் பெயரின் பொருள். அதில் மோபியஸ் வரைந்த ‘ஆர்ஸாக்’ கதைகளில் உரையாடலே இல்லை. உலோகத்தின் பெயர்பூண்ட இதழின் புகழ்மிக்க படைப்பு ஒலியே இல்லாத ஒன்றாக அமைந்தது வியப்பே. 1981இல் அவ்விதழின் பெயரால் வந்த திரைப்படம் பிளாக் சாபத் முதலிய குழுக்களின் பாடல்களைச் சேர்த்துக்கொண்டபின், பெயரால் நேர்ந்த மயக்கம் ஒருவாறு மெய்யாயிற்று. 2017இல் ‘அயர்ன் மெய்டன்’ இசைக்குழுவின் எலும்புருவச் சின்னமான எட்டியைத் தலைவனாக்கிய சித்திரக்கதையையும் இவ்விதழின் நிறுவனமே வெளியிட்டது.

இசைக்குழுவினின்று நேரே பிறந்த நூலென ஐயமின்றிச் சுட்டத்தக்கது மார்வெல் பதிப்பகம் 1977இல் வெளியிட்ட ‘கிஸ்’ சிறப்பிதழாகும். கிஸ் குழுவினரை ஹெவி மெட்டல் என்னாது ஹார்டு ராக் என வகுப்பாரும் உளர். வகைப்பெயர் பற்றிய அவ்வழக்கு இங்கு வேண்டா. நால்வரும் முகத்தில் வெண்பூச்சுப் பூசி, அரக்கன், விண்மகன், விண்வெளியான், பூனை என நான்கு கோலம் புனைந்து ஆடியவர்கள். அரக்கக் கோலம் பூண்ட ஜீன் சிம்மன்ஸ் இளமையிலேயே சித்திரக்கதைகளில் ஆழ்ந்து, அவை பற்றிய சிற்றிதழ்களைத் தாமே அச்சிட்டு வழங்கியவர். ஆதலின், சித்திரக்கதையிலிருந்து மேடைக்குச் சென்ற கோலம் மேடையிலிருந்து சித்திரக்கதைக்கு மீண்டது என்றே இந்நிகழ்ச்சியைக் கொள்ளல் வேண்டும். ஸ்டீவ் கெர்பர் எழுதிய அக்கதையில், இளைஞர் நால்வர் ஒரு பேழையின் ஆற்றலால் வல்லமை பெற்று, மார்வெல் உலகின் கொடியோனாகிய டாக்டர் டூமை எதிர்க்கின்றனர். சிறு இதழ்கள் 30 அல்லது 35 சென்டுக்கு விற்ற காலத்தில் இதன் விலை ஒன்றரை டாலர். பேரளவு இதழாக வந்தமையின் 1954ஆம் ஆண்டு விதித்தொகுப்பின் முத்திரையும் இதற்கு வேண்டியிருக்கவில்லை.

இந்நூலைப் பற்றி யாவரும் கூறுவது அதன் மையைக் குறித்தாகும். 1977 பிப்ரவரியில் நால்வரிடமிருந்தும் குருதி எடுக்கப்பெற்றது. பின்னர் அவர்கள் முழு ஒப்பனையுடன் நியூயார்க் மாநிலத்து டெபியூ என்னும் ஊரின் மை ஆலைக்குச் சென்று, அச்சுக்குரிய சிவப்பு மைக்கலத்தில் அதனை ஊற்றினர். குருதி அவர்களுடையதே என்பதற்குச் சான்றுறுதி அலுவலரின் கையொப்பமும் பெறப்பட்டது. விளம்பரம் என ஒரு சொல்லில் இதனைத் தள்ளிவிடலாம், தள்ளியவர் பலர். ஆயின் கதையைப் படித்தபின் இச்செயலுக்கு வேறொரு பொருளும் புலப்படுகிறது. கதையில் நால்வரின் ஆற்றல் நெருப்புமிழ்தலும் கண்ணொளி பாய்ச்சலும் போன்றது. கிட்டாரும் முரசும் அவ்வாற்றலுக்குத் தோற்றுவாய் அல்ல. இசைஞரைப் பற்றிய நூலில் முகம் உண்டு, உடை உண்டு, அவர்தம் இசைக்கு வேலையில்லை. அவ்வெற்றிடத்தில் அவர்களுடைய மெய்யின் ஒரு கூறு வைக்கப்பட்டது. குரலைத் தரவியலாத ஏடு குருதியைத் தந்தது என்க.

இதன்பின் வந்த இசைக்குழுக் கதைகளிற் பெரும்பகுதி இதே வழியிற் சென்றன. 1997இல் இமேஜ் பதிப்பகத்தில் தொடங்கிய கிஸ் தொடரும், அதே காலத்து மெகாடெத் தொடரும் முகத்தையும் சின்னத்தையும் விற்றனவேயன்றி வேறில்லை. 1989 முதல் ரெவல்யூஷனரி காமிக்ஸ் என்னும் சிறு பதிப்பகம் இசைக்குழுக்களின் இசைவு பெறாமலே அவர்தம் வாழ்க்கை வரலாறுகளைச் சித்திரமாக்கி வெளியிட்டது. ‘கன்ஸ் அண்ட் ரோசஸ்’ குழு பற்றியது முதல் இதழ். எதிர்த்திசையில், சித்திரக்கதையினின்று பாடல் பிறந்ததும் உண்டு. 1977இல் பிரித்தானிய இதழொன்றில் தோன்றிய நீதிபதி டிரெட் என்னும் பாத்திரத்தை ஆந்த்ராக்ஸ் குழு 1987இல் பாடியது. கொடுக்கல் வாங்கல் இருபாலும் நிகழ்ந்தது என்பதற்கு இஃதொன்றே போதும்.

முகத்தினின்று பெயருக்கு நகர்ந்தது ஜப்பானில். ஹகிவாரா கஜுஷி 1988இல் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் தொடங்கிய ‘பாஸ்டர்டு’ என்னும் தொடர் வாளும் மாயமும் நிறைந்த உலகொன்றைக் காட்டுவது. அதில் இசைஞர் எவரும் இலர், கிட்டாரும் இல்லை. ஆயின் கதைத்தலைவனாகிய மாயாவியின் பெயர் டார்க் ஷ்னைடர். ‘ஆக்செப்ட்’ என்னும் ஜெர்மானியக் குழுவின் பாடகர் உடோ டிர்க்‌ஷ்னைடரின் பெயரினின்று அமைந்தது அது. நாட்டின் பெயர் மெட்டாலிகானா. அவன் உச்சரிக்கும் மந்திரங்கள் வெனம், மெகாடெத், எக்சோடஸ். அழிவுத் தெய்வத்தின் பெயரும் ஆந்த்ராக்ஸ் குழுவின் பெயரைத் திரித்துக்கொண்டதே.

இதனை விளையாட்டெனக் கொள்வார் கொள்க. எம் கருத்தில், பரிபாடலின் பண்ணடைவுக்கு மிக நெருங்கியது இதுவே. பண்ணை அறிந்தவன் ‘காந்தாரம்’ என்னும் சொல்லைக் கண்ட அளவில் இசையைத் தன்னுள் கேட்பான். அறியாதவனுக்கு அது வெறுஞ்சொல். அவ்வாறே, அக்குழுவின் இசைத்தட்டைக் கேட்டுப் பழகிய சிறுவனுக்கு, மாயாவி வாய்திறந்து ‘எக்சோடஸ்’ என்னும் கட்டத்தில் அவ்விசையின் விரைவு செவியில் எழும். பிறர்க்கு அஃது ஓர் அயல்மொழி மந்திரமாகவே நின்று, அந்நிலையிலும் கதைக்குப் பயன்படும். மந்திரம் பொருளால் அன்றி ஒலியால் ஆற்றலுடையது என்னும் தொன்மையான நம்பிக்கையை இந்நூலாசிரியர், அறிந்தோ அறியாமலோ, இசைக்குழுப் பெயர்களின்மேல் ஏற்றிவிட்டார்.

அதே நாட்டில் வகாசுகி கிமினோரி 2005 முதல் 2010 வரை எழுதிப் பத்துத் தொகுதிகளாக வந்த ‘டெட்ராய்ட் மெட்டல் சிட்டி’ முகத்தையே கதைப்பொருளாக்கியது. கிஸ் குழுவின் பாடற்பெயரொன்றைத் திரித்த தலைப்பு அது. மென்மையான காதற்பாடல் பாட விழைந்து தலைநகர் வந்த நெகிஷி என்னும் நாட்டுப்புற இளைஞன், வயிற்றுப்பாட்டிற்காக வெண்பூச்சு முகத்துடன் கிராவுசர் என்னும் பேயரசனாகி, கொலையும் கொடுமையும் பாடுகிறான். தன் கோலத்தை அவன் வெறுக்கிறான்; அவன் தடுமாற்றங்களையெல்லாம் அடியார் கூட்டம் பேயரசனின் திருவிளையாடலாகவே கொள்கிறது. நகைச்சுவை இம்முரணில் பிறக்கிறது. ஊருக்குத் திரும்பும் நெகிஷி, தன் தம்பியே கிராவுசரின் அடியானாகிப் பள்ளியையும் வீட்டு வேலையையும் புறக்கணிப்பதைக் காணும் பகுதி இந்நூலில் தலைசிறந்தது. அண்ணனாக அவன் கூறும் அறிவுரை தம்பியின் செவியில் ஏறவில்லை. எனவே கோலம் புனைந்து பேயரசனாகவே வந்து நின்று, பெற்றோர்க்கு உதவும்படியும் படிக்கும்படியும் ஆணையிடுகிறான், தம்பி பணிகிறான். இளையோரைக் கெடுப்பது எனச் செனட் குழுவின்முன் பழிக்கப்பட்ட அதே கோலம் ஈண்டு ஒரு சிறுவனை வயல்வேலைக்கு அனுப்புகிறது. இக்கதையின் 2008ஆம் ஆண்டுத் திரைவடிவில் மூத்த உலோக இசைஞனாக ஜீன் சிம்மன்ஸே நடித்தார்.

ஏட்டின் ஒலியின்மையைத் தீர்க்க, இசைத்தட்டை ஏட்டோடு இணைக்கும் முயற்சியும் நடந்தது. 1994இல் நீல் கெய்மன் எழுதி மைக்கேல் ஜூலி வரைந்த மூன்றிதழ்க் கதையொன்று, ஆலிஸ் கூப்பரின் ‘த லாஸ்ட் டெம்ப்டேஷன்’ இசைத்தட்டுடன் ஒரே கருவிலிருந்து உருவாயிற்று. இரண்டும் தனித்தனியே நிற்கத்தக்கன. இவ்வகையில் இதனினும் செம்மையானது அரிது. 2020இல் டி.சி. பதிப்பகம் வெளியிட்ட ‘டெத் மெட்டல்’ தொடருக்கும் பாடற்றொகுப்பு உண்டு. மெகாடெத், செபுல்டுரா முதலிய குழுக்களைத் தீட்டிய சிறப்பு அட்டைகளும் உண்டு. அட்டையைக் கடந்து உட்புகுந்தால் இசை அருகியே காணப்படுகிறது.

இசையே கதையின் இயக்கமாக அமைந்த நூல், டேனியல் வாரன் ஜான்சன் எழுதி வரைந்து 2018, 2019ஆம் ஆண்டுகளில் எட்டு இதழ்களாக வந்த ‘மர்டர் பால்கன்’. கதைத்தலைவன் ஜேக் தன் இசைக்குழுவையும் இல்வாழ்வையும் இழந்தவன். பிற உலகத்துக் கொடுவிலங்குகள் நகருட் புகும்போது, இரும்புக்கை பூண்ட பருந்துமனிதன் ஒருவன் அவன்முன் தோன்றுகிறான். ஜேக் கிட்டாரை மீட்டினால் அன்றி அப்பருந்துக்குப் போராற்றல் இல்லை. கிஸ் இதழில் வேலையற்றுக் கிடந்த கருவி இங்குப் படைக்கலமாகிறது. ஜான்சன் தாமும் கிட்டார் வாசிப்பவர். ஒலிக்குறிப்புச் சொற்களை ஓவியத்தின்மேல் ஒட்டாமல் ஓவியத்தின் உறுப்பாகவே தீட்டுபவர். அவ்வெழுத்துக்கள் கட்டங்களின் எல்லையை உடைத்து, கட்டடங்களின் மேலும் விலங்குகளின் மேலும் பரந்து கிடக்கும். ஜேக் புற்றுநோயால் வருந்துபவன் என்பதும், குழுவையும் துணைவியையும் அவன் விலக்கியதற்கு அதுவே காரணம் என்பதும் கதை வளர வளர வெளிப்படுகின்றன. அதன்பின் அவன் மீட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் நாம் எழுத்துக்களை விட்டு அவன் கைகளையே நோக்குகிறோம்.