பிடியரிசியும் கடல்கடந்த பணியும்

கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரிந்து செல்லும் சந்தியிலே அமைந்திருப்பது மாங்குளம். 1905ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை நிறைவெய்திய காலந்தொட்டு, பெருங்காட்டின் நடுவே வண்டிகள் நின்று செல்லும் இடமாகவும் இது விளங்கிற்று. சந்தியாக இருந்தமையாற் பெற்ற சிறப்பே இவ்வூருக்குத் துன்பமாயும் முடிந்தது. 1990, 1998, 1999, 2008 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் போரினால் மாங்குளம் கைமாறியது. 2009க்குப் பின்னர் வன்னிக்கு மீண்ட மக்கள் முதலிற் பெற்றவை கூரைத் தகரமும் தறப்பாளும் உலருணவுமே. அம்மக்கள் கூடி வழிபடும் திருச்சபைகளும் பிறர் உதவியினாலேயே மீண்டும் எழுந்தன.

இத்தகைய சபையொன்றின் முன் இயல்பாகவே ஒரு வினா எழும். தன் கூரைக்கே பிறர் கையை எதிர்பார்த்த சபை, அயலூரிலும் அயல்நாட்டிலும் பணிசெய்வோரைத் தாங்குவது தகுமா? முதலில் தன் குறையை நிறைத்துக்கொண்டு பின்னர் பிறருக்கு ஈயலாம் என்பது உலகியல் விடை. வடபுலத்துத் தமிழ்த் திருச்சபையின் வரலாறோ வேறொரு விடையைத் தருகின்றது.

1816ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தை அடைந்தனர். அவர்களை அனுப்பிய சங்கம் 1810இல் அமெரிக்காவில் நிறுவப்பட்டது. அதன் தலைமையகம் பொஸ்டன் நகரிலே இருந்தது. பொஸ்டன் என்றதும் பெருஞ்செல்வரின் பணப்பெட்டியை நினைத்தல் பிழையாகும். வாரத்துக்கு ஒரு சதம் சேர்க்கும் மாதர் சங்கங்கள் அந்நாட்டில் அக்காலத்திலேயே தோன்றியிருந்தன. எளியோரின் சிறுதொகைகளும் கூடியே வட்டுக்கோட்டைச் செமினரிக்கும் உடுவில் மகளிர் பாடசாலைக்கும் உணவும் நூலும் ஆயின.

எனினும் அக்கொடையில் ஒரு நெருடலும் இருந்தது. ஒரு மாணவனின் செலவை ஏற்ற அமெரிக்க அன்பர் விரும்பிய பெயரை அம்மாணவனுக்குச் சூட்டும் வழக்கம் செமினரியில் நிலவியது. தகப்பன் இட்ட தமிழ்ப்பெயர் பின்னுக்குச் செல்ல, கண்காணாத ஒருவரின் பெயர் முன்னே வந்து நின்றது. கொடுப்பவன் பெயரிட, பெறுபவன் அப்பெயரைச் சுமக்கும் உறவு நட்பாகாது. அது ஆதரவாளனுக்கும் ஆதரவு பெறுபவனுக்கும் உள்ள உறவேயாம்.

அவ்வுறவின் மற்றொரு குறை 1837ஆம் ஆண்டிலே வெளிப்பட்டது. அமெரிக்காவில் வங்கிகள் தளர்ந்து பணமுடை உண்டாயிற்று. சங்கம் தன் செலவைக் குறைக்கவே, யாழ்ப்பாணத்தில் மிஷன் நடத்திய இலவசக் கிராமப் பாடசாலைகள் பல மூடப்பட்டன. எங்கோ ஒரு நகரத்தில் நிகழ்ந்த வணிக வீழ்ச்சியினால், அந்நகரின் பெயரையும் அறியாத பனங்கூடல் நடுவே ஒரு பிள்ளையின் ஏடு மூடப்பட்டது. பிறர் பணத்தை மட்டும் நம்பிய பணியின் நிலை இதுவே.

இப்பின்னணியிலே யாழ்ப்பாணச் சபைகள் மேற்கொண்ட மூன்று படிகளை நோக்குதல் வேண்டும்.

முதற்படி ஆளை அனுப்பியது. 1834ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் மதுரையிலே பணி தொடங்கியபோது அதற்குத் தாய்வீடாக நின்றது யாழ்ப்பாணம். இங்கிருந்து சென்ற மிஷனரிமாருடன் இங்கே பயின்ற தமிழ் உதவியாளர்களும் கடல் கடந்தனர். ஆயினும் செலவு பொஸ்டனுடையதாகவே இருந்தது.

இரண்டாம் படி பணத்தையும் நிருவாகத்தையும் தாமே ஏற்றது. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கிறிஸ்தவர்கள் சுதேச சுவிசேஷ சங்கத்தை நிறுவினர். மிஷனரிமார் வந்து முப்பத்தோராண்டே கழிந்திருந்தது. சங்கத்தின் பணம் தமிழருடையது, ஊழியரும் தமிழரே. நெடுந்தீவு முதலாய தீவுகளுக்கு உபதேசிமாரை அனுப்பித் தாங்கும் பொறுப்பை அது ஏற்றது. தோணியன்றி வேறு வழியில்லாத அத்தீவுகள் அந்நாளில் யாழ்ப்பாணத்தாருக்கு ஏறத்தாழ வெளிநாடு போன்றவையே.

மூன்றாம் படி தம் பணத்தில் தம் ஊழியரைக் கடலுக்கு அப்பால் அனுப்பியது. 1900ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்து மாணவர்கள் பிறநாட்டு மிஷன் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தனர். பாக்கு நீரிணைக்கு அப்பால், இராமநாதபுரம் கரையிலுள்ள தொண்டி அவர்களுடைய பணித்தலமாயிற்று. சம்பாத்தியம் இல்லாத மாணவர் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு ஊழியரை அனுப்பித் தாங்க முன்வந்தனர் என்பது சிந்தித்தற்குரியது.

இதற்குரிய பணம் எவ்வாறு திரண்டது? விடை அடுக்களையில் இருந்தது. உலைக்கு அரிசி அளக்கும் இல்லாள், அளந்ததிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறொரு முட்டியில் இடுவாள். அதுவே பிடியரிசி. வீட்டார் எவருக்கும் அதனால் பசி மிகுவதில்லை. முட்டியோ நாளுக்கு நாள் நிறையும். சேர்ந்த அரிசி ஆலயத்துக்கு வந்து, விலையாகி, கணக்கேட்டிற் பதியப்படும். ஒரு பிடி 35 கிராம் எனக் கொண்டால், நூறு வீடுகள் நாளொன்றுக்கு ஒரு பிடி வைக்குமிடத்து முப்பது நாளில் 105 கிலோ அரிசி சேரும். வறியவர் வாழும் சிற்றூரும் ஓர் ஊழியரின் குடும்பத்தைத் தாங்க இயலும் என்பதற்கு இக்கணக்கே போதும்.

பிடியரிசி பொஸ்டனிலிருந்து வந்த முறையன்று. சைவ ஆலயத் திருப்பணிக்கும் மடத்து அன்னதானத்துக்கும் தமிழ் இல்லங்கள் கைக்கொண்ட வழக்கமே அது. அமெரிக்க மாதரின் ஒரு சதமும் தமிழ் மாதரின் ஒரு பிடியும் தத்தம் மண்ணில் முளைத்தவை. ஆனால் இரண்டும் ஓரினம். இல்லாமையை நோக்கி ஏங்காமல், உள்ளதிலிருந்து தவறாது சிறிதெடுத்து வைப்பதே இரண்டின் நெறியுமாகும்.

யாழ்ப்பாணத்தின் இம்முயற்சி பயன் தந்தது. 1902ஆம் ஆண்டில் திருநெல்வேலியைச் சேர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா என்னும் இளைஞர் யாழ்ப்பாணம் வந்தார். இங்குள்ள தமிழ்ச் சபையார் தாமே ஊழியரை அனுப்பித் தாங்குவதைக் கண்டு, தொகையிற் பன்மடங்கு பெரிய திருநெல்வேலித் திருச்சபை இதனைச் செய்யாதது ஏன் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தைத் தைத்தது. மறுவருடம், 1903 பெப்ரவரி 12இல், திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கம் பிறந்தது. நிஜாம் ஆட்சிப் பகுதியிலே தெலுங்கு பேசும் தோர்ணக்கல் அதன் பணித்தலமாயிற்று. 1909இல் அசரியாவே அங்கு ஊழியராகச் சென்றார். 1912இல் தோர்ணக்கலின் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதலாவது இந்தியப் பேராயரானார்.

தோர்ணக்கல் மக்களிற் பெரும்பாலோர் நிலமற்ற விவசாயக் கூலிகள்; ஒடுக்கப்பட்ட குலத்தினர். அவர்களிடம் ஈகை கேட்பது கொடுமை என்று எண்ணியோரும் இருந்திருப்பர். அசரியாவோ அவர்களைப் பெறுவோர் வரிசையிலேயே நிறுத்தி வைப்பதைத்தான் இழிவு எனக் கண்டார். அங்கும் பெண்கள் பிடியரிசி வைத்தனர். 1939இல் அர்ப்பணிக்கப்பட்ட தோர்ணக்கல் பேராலயத்தில் அத்தகைய எளியோரின் காணிக்கையும் அடங்கும்.

1910ஆம் ஆண்டு எடின்பரோ நகரிற் கூடிய உலக மிஷன் மாநாட்டிலே அசரியா ஆற்றிய உரை பலரைச் சினங்கொள்ளச் செய்தது. மேலைநாட்டு மிஷனரிமார் தம் உடைமைகளை ஈயவும் உயிரையே கொடுக்கவும் ஆயத்தமாயுள்ளனர். இந்தியத் திருச்சபை வேண்டுவதோ நட்பு என்பதே அவ்வுரையின் கருத்து. மாணவனுக்குப் பெயர் சூட்டிய பழைய உறவுக்கும் பங்காளிகளின் உறவுக்கும் உள்ள வேறுபாட்டை இது தெளிவாக்குகின்றது. ஒரு கை என்றும் மேலேயும் மறுகை என்றும் கீழேயும் இருக்குமிடத்து நட்பு நிலைப்பதில்லை. கீழே இருந்த கையும் கொடுக்கத் தொடங்கும்போதே இருவரும் ஒருவரையொருவர் முகம்நோக்கிப் பேச இயலும்.

1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, அமெரிக்க மிஷன் வழிவந்த யாழ்ப்பாணச் சபைகள் அதன் ஒரு பேராயமாக இணைந்தன. ஒருகாலத்தில் ஆளனுப்பிய மதுரையும் யாழ்ப்பாணமும் அவ்வாறு ஒரே திருச்சபையின் உறுப்புகளாயின.

வன்னிப் பெருநிலத்துச் சபைகளுக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. அவற்றின் குடும்பங்கள் பல குடாநாட்டுச் சபைகளின் வழிவந்தவையே. இடம்பெயர்ந்து, இழந்து, மீண்டு வந்த சபை தன் சிறுதொகையைப் பிறருக்கென ஒதுக்குமாயின், அத்தொகையினால் எந்நாடும் செல்வம் பெற்றுவிடப் போவதில்லை. ஆனால் அயற்கிராமத்தில் பாடம் சொல்லும் ஓர் ஆசிரியைக்கோ, கடலுக்கு அப்பால் நோயாளரைப் பேணும் ஓர் ஊழியருக்கோ அது மாதந்தோறும் தவறாது சென்றடையும். தாங்குவோரின் பெயரைச் சுமக்குமாறு அவர்களைக் கேளாமல், அவர்களுடைய சுகதுக்கங்களைக் கேட்டறிந்து மன்றாடுவதும் அச்சபையின் கடனாகும். நிவாரணப் பதிவேட்டில் பெறுவோராக எழுதப்பட்ட அதே மக்கள், தம் சபையின் கணக்கேட்டில் கொடுப்போராகவும் எழுதப்படுவர். 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தார் தொடங்கி வைத்த காரியம் இதுவேயாகும்.